எந்தக் கையால் கையெழுத்துப் போடுவது?

சாந்தோம் வாசகசாலை நண்பர்களே, இன்று லஸ்ஸில் உள்ள எங்கள் அச்சாபீஸ் கம்பெனியில் எனக்குக் கிடைத்த மரியாதை உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதைப் பலகையில் ஒட்டுகிறேன்.

அச்சாபீஸ் மெஷினில் நசுங்கிய என் வலது கைக்குப் போன வருஷம் நஷ்ட ஈடு கொடுத்து, “ஆறிவிட்டது” என்று வழக்கை மூடிவிட்டார்கள். கைக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை போலும். இன்னும் விரல்கள் மடங்கவில்லை.

வழக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லி மனு எழுதி, இடது கையால் கையெழுத்துப் போட்டு, கம்பெனி குமாஸ்தாவிடம் நீட்டினேன்.

“வேலைக்குச் சேர்றச்சே போட்ட கையெழுத்து இது இல்லையே ஓய்! நீர்தான் அந்த ஆளுன்னு எப்படி நம்பறது?”

“வலது கை வரலைன்னுதான் சார் இந்த மனுவே!”

“அதெல்லாம் அப்புறம். கையெழுத்து ஒத்துப்போகணும்.”

“அப்போ கைநாட்டு வெச்சிடறேன் சார்.”

“எழுதப் படிக்கத் தெரிஞ்சவர் கைநாட்டு வெக்கப்படாது.”

வேறு வழியில்லை. மடங்காத விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது கையாலேயே இழுத்து முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குமாஸ்தாவுக்கு ஒரே சந்தோஷம். “அசல் அதே கையெழுத்து! கை பேஷா வேலை செய்யறதே ஓய், அப்புறம் எதுக்கு மனு?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கோணல் எழுத்து என் இடது கையுடையது. எழுதியவன் நான்தான் என்று நம்புகிறவர்கள் கீழே கையெழுத்துப் போடுங்கள். எந்தக் கையால் என்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்.