வைஷாலி கேட்ட லீவு

ஐ.டி.யில் மேனேஜர் வேலை என்பது, மேலே இருப்பவர் எடுத்த முடிவைக் கீழே இருப்பவரிடம் நாமே எடுத்த மாதிரி சொல்வது. புனேயின் கராடியிலோ வேறெங்கோ இந்த வேலையில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆள் தேடல்

எங்கள் டைரக்டர் கோயம்புத்தூர்க்காரர். புனேயில் ஆள் எடுத்துக் கட்டுப்படியாகவில்லை, சின்ன ஊர்களில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களைப் பிடியுங்கள் என்றார். திறமையில் குறை இருக்கக் கூடாது, சம்பளம் மட்டும் குறைவாக இருக்க வேண்டுமாம். அப்படி யார் வருவார் என்று கேட்டேன். "நம்ம ஊர்ப் பக்கம் பாருங்க. அப்பா அம்மாவை விட்டுட்டு வர முடியாதவங்க நெறையப் பேர் இருப்பாங்க. அவங்க பேரம் பேச மாட்டாங்க."

தென்காசி

அப்படித்தான் மகேஸ்வரி கிடைத்தார். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர், அப்பா படுத்த படுக்கையானதும் தென்காசிக்குத் திரும்பிவிட்டார். இன்டர்வியூவில் கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் வந்தது. நடுவில் ஒருமுறை மட்டும் எழுந்துபோய் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்தார்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றேன். அவர் சொன்னது ரொம்பக் குறைவு. கூடக் கேளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது, எச்.ஆர். பக்கத்தில் இருந்ததால் முழுங்கினேன். என் மௌனத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்: "ஜாஸ்தின்னா குறைச்சுக்கிடலாம் சார்."

பாடம்

மகேஸ்வரிக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் வைஷாலி. புனேயை ஒட்டிய சாங்வியிலிருந்து வருகிற மராட்டியப் பெண், பல வருஷமாக எனக்குப் பக்கத்து சீட். என்னை 'அண்ணா' என்பார். புனேயில் நம்மவர்கள் எல்லோருமே அண்ணாதான்.

மகள் பத்தாவது பரீட்சை எழுதும்போது கூட இருக்க லீவு கேட்டிருந்தார். எங்கள் தொழிலில் நம் வேலையைப் பார்க்க இன்னொருவர் தயாராகாமல் நீண்ட லீவு கிடைக்காது. அதனால் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்து, வீடியோவாகவும் பதிவு செய்துவைத்தார். எந்த வாடிக்கையாளர் காலையில் சிடுசிடுப்பார் என்பது வரை அதில் இருந்தது. முடித்த அன்று எல்லோருக்கும் அவர்கள் ஊர்க் காரப் பலகாரமான பாக்கர்வடி கொடுத்தார். ஹிந்தியில் சொன்னார்: "கெட்டிக்காரப் பொண்ணு அண்ணா. இனிமே நான் இல்லாட்டியும் கவலையில்லை."

கண்ணாடி அறை

லீவுக்கு முந்தின வாரம், ஒரே வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று டைரக்டர் கேட்டார். அவ்வளவுதான். வைஷாலியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டோம். எச்.ஆர். எழுதிவைத்த வேலைநீக்கக் கடிதத்தை வாசித்தார், நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வைஷாலி அழவில்லை. லேப்டாப்பை மூடி என் பக்கம் நகர்த்தினார். "மகேஸ்வரிகிட்ட சொல்லாதீங்க அண்ணா. பாவம், தன்னாலதான்னு நெனைச்சுக்கும்."

திங்கட்கிழமை

நான் சொல்லவில்லை. ஆனால் ஆபீஸ் சாட் குழுவிலிருந்து வைஷாலியின் பெயரைக் கம்பெனி அன்றைக்கே எடுத்துவிட்டது. காலை மீட்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகும் மகேஸ்வரி போகவில்லை. "மேடம் லீவா சார்?" என்றார். ஆமாம், மகளுக்குப் பரீட்சை என்றேன்.

"லீவுன்னா பேரை எடுக்க மாட்டாங்கள்லா சார்" என்றவர், கேமராவை அணைத்துவிட்டார். அப்புறம் குரல் மட்டும் வந்தது: "நான் யாருக்குச் சொல்லிக் குடுக்கணும்னு முன்கூட்டியே சொல்லிருங்க சார். அப்பாவுக்கு மருந்து வாங்கி வச்சுக்கிடுதேன்."

இந்த வாரம் என் வேலையையும் வீடியோவாகப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள், நானோ லீவே கேட்கவில்லை.