இடிக்கு அடிக்கும் மணி

பன்றிக் கொழுப்பை விரலால் வழித்து மணியின் அச்சில் தடவுகிறார் குர்வால். மிச்சத்தைத் தன் கறுப்புக் கோதுமை அடையில் தடவிக் கடிக்கிறார். "ரெண்டு பேருக்கும் தொண்டை வறளக் கூடாதுல்ல" என்கிறார். கண் மட்டும் மேற்கே, கடலுக்கு மேலுள்ள வானத்தில் இருக்கிறது.

பிரான்சின் மேற்கே, பிரெத்தோன் கரையில், எங்கள் கோயிலின் மணியடிப்பவர் அவர். ஐம்பது வயது இருக்கும். காது பாதி போய்விட்டதால் ரகசியத்தைக்கூடச் சந்தையில் கூவுவது போலத்தான் சொல்வார். பூசைக்கு அடிப்பார், சாவுக்கு அடிப்பார். எல்லாவற்றையும்விட முக்கியம், இடிக்கு அடிப்பது. பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்த மணியின் ஓசைக்கு மேகத்துப் பேய்கள் ஓடிவிடும், ஆலங்கட்டி விழாமல் வயல் தப்பும் என்று ஊர் நம்புகிறது. அதற்காகவே அறுவடையில் வீட்டுக்கொரு கதிர்க்கட்டு அவருக்குத் தருகிறார்கள்.

இடி உயரமான இடத்தைத் தேடி விழுகிறது. ஊரில் உயரமானது கோபுரம். அதன் அடியில் நனைந்த கயிற்றைப் பிடித்தபடி ஒரு மனிதன் நிற்கிறான். இதைப் புரிந்துகொள்ளப் பாரிசுக்குப் போய்ப் படிக்க வேண்டியதில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் நான் இதைச் சொன்னபோது, "மணிக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சு, உனக்கு ஆயிருச்சா?" என்று கேட்டார் பங்குச் சாமியார்.

சென்ற கோடையில், குர்வாலோடு முறைவைத்து மணியடித்துவந்த அவர் அண்ணன் ரியோக் அந்தக் கயிற்றைப் பிடித்தபடியே கருகிச் செத்தார். மணி தவறாதாம். ஆகவே அடித்தவனிடம்தான் பாவம் இருந்திருக்க வேண்டும் என்று சாமியார் தீர்ப்பு எழுதினார். ரியோக்கைக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, முட்புதருக்குள் புதைத்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் குர்வால் அங்கே போய்க் களை பிடுங்குகிறார். சட்டையில் முள்ளோடுதான் திரும்பி வருவார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நண்பகலில் வானம் கறுத்தது. கதிர் முற்றி நிற்கும் நேரம். ஊரே கோபுர வாசலுக்கு ஓடிவந்தது. குர்வால் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"தின்ன கதிரெல்லாம் செரிச்சுப் போச்சா? எந்திரிய்யா" என்றார் விவசாயி காரடெக்.

"கல்லு விழுந்தா எம்புள்ளைங்க எதத் திங்கும்ணே?" என்று அழுதாள் காரடெக்கின் மருமகள். அந்தக் கேள்வியில் பொய் இல்லை. இங்கே பசி நிஜம்.

சாமியார் முன்னால் வந்தார். "குர்வால், மனசுல பாவமில்லாதவனுக்குப் பயம் எதுக்கு?"

"அடிச்சுப் பொழைச்சேன்னா, பாத்தியா, ஒன் அண்ணன்தான் பாவின்னு சொல்லுவீங்க சாமி. செத்தேன்னா நானும் பாவின்னு அவன் பக்கத்துலயே குழி வெட்டுவீங்க. எப்படி அடிச்சாலும் அவனுக்கு அந்த முள்ளுதானே?"

மழை இறங்கியது. கடல்மேல் ஒரு மின்னல் வெட்டியது. உடனே இடி முழங்கியது; அவ்வளவு அருகே வந்துவிட்டது. குர்வால் எழுந்து உள்ளே போனார். மணி ஒலிக்கப்போகிறதென்று பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ஒலிக்கவில்லை. கயிற்றின் நுனியை வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தார் அவர்.

"பாவமே இல்லாத கை இந்த ஊர்ல ஒண்ணுதான் சாமி இருக்கு."

நீர் சொட்டும் அந்த நுனியைச் சாமியாரின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். சாமியாரின் கைகள் அங்கிக்குள் போயின. ஊர் அந்த அங்கியையே பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த மின்னலிலும் குர்வாலின் கை நீட்டியபடியே இருந்தது.