சட்டை அவருடையது

காலை ஆறேகாலுக்கு ஏகாம்பரத்தின் மைத்துனன் தாமு போன் செய்தான். "மாமா பூட்டாரு சார். நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிச்சு" என்றான். எந்த மாமா என்று கேட்டேன். தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மையில் ஏகாம்பரம் சாகக்கூடியவர் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் சென்னீர்குப்பம் நெரிசலில் மாட்டிக்கொண்டு, பொழுது போகாமல் என்னைப் போனில் அழைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

கள்ளிக்குப்பத்துக்காரர்களான உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அவர் குடும்பத்து நிலத்தில் நெல் விளைந்ததைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நானோ திருநெல்வேலியிலிருந்து வந்து ஃபிளாட் வாங்கிய ஐ.டி. ஆள், அவருடைய வாடகைக் காரில் ஆபீஸ் போனவன். ஆனால் உங்களிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

போன வருஷம் நாங்கள் இருவரும் அவர் காரிலேயே காஷ்மீர் வரை போய்வந்தோம். வழியில் முன்பின் தெரியாதவர்களின் முகங்களைப் படமெடுப்பது என் திட்டம். பூந்தமல்லி தாண்டும்போதே, "ஏன் சார், இங்க இல்லாத மூஞ்சியா அங்க கீது?" என்று கேட்டார்.

நாக்பூருக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடைக்காரர் படத்துக்கு நிற்க மறுத்தார். கிரீஸ் படிந்த பனியனைத் தொட்டுக் காட்டினார். ஏகாம்பரம் டிக்கியைத் திறந்து தன்னுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து நீட்டினார். "போட்டுக்கோ நைனா. ஊட்ல பாத்தா சந்தோசப்படுவாங்கோ." அவருக்குத் தமிழை விட்டால் வேறு மொழி கிடையாது. இருந்தும் அந்த மனிதர் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு லாரி ஓட்டுநர், கரும்புச்சாறு விற்றவர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்தச் சட்டை போனது. லாட்ஜில் அவரே துவைத்துக் காயப்போடுவார். இதெல்லாம் வேஷம், எனக்கு நிஜம்தான் வேண்டும் என்று நான் கத்தினேன். "அழுக்கோட புடிச்சாதான் நெசமா சார்? அவன் நல்ல நாளுக்கு நல்ல சட்டை போட மாட்டானா?" என்றார்.

அவர் இறந்த அன்று தாமு என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம், கண்ணீர் அஞ்சலி பேனருக்கு. அவருடைய போன் பூட்டைத் திறக்க வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "நீங்கதான் அம்மாம் போட்டோ எடுத்தீங்களே" என்றான். அழுதுகொண்டே லேப்டாப்பில் தேடினேன். நீலக் கட்டம் கண்ணில் பட்டதும் அனுப்பிவிட்டேன். தாமுவும் அழுத கண்ணோடே அதைக் கடைக்கு அனுப்ப, பத்து மணிக்கெல்லாம் பேனர் தெருமுனையில் ஏறியது. நானும் அதன் கீழே நின்று விம்மினேன். ஓர் ஆட்டோக்காரர் மட்டும், "அண்ணாத்தே மீசைய எப்போ இப்டி வெச்சாரு?" என்று கேட்டார். பழைய படமாக இருக்கும் என்று பக்கத்திலிருந்தவர் சமாதானம் சொன்னார்.

மூன்றாம் நாள்தான் அவர் மனைவி மல்லிகா அதை நிமிர்ந்து பார்த்தார்.

"சட்டை அவுருதுதான். ஆளு யாரு?"

பஞ்சர் கடைக்காரர். என்னை நம்பி நின்றவருக்கு, உயிரோடு இருக்கும்போதே மாலை போட்டுவிட்டேன். மல்லிகா அடிப்பாரா அழுவாரா என்று தெரியாமல் நின்றேன். அவர் முதலில் சிரித்தார். பிறகுதான் அழுதார். "உடு சார். உசுரோட கீறவனை செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டின்னுவாங்கோ. எங்க ஊட்டுக்காரரு பேரச் சொல்லி எவனோ ஒருத்தன் நூறு வருசம் இருக்கட்டும்" என்றார். பேனரை இறக்கினோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாரக்கணக்கில் பக்கத்திலேயே இருந்தவரை எப்படித் தவறவிட்டேன்? யோசித்தால் அவருடைய இடது காதும், சவரம் செய்யாத இடது கன்னமும்தான் நினைவுக்கு வருகின்றன. காரில் நான் பார்த்தது அவ்வளவுதான். வண்டியை நிறுத்தினால் வேறு யாரையாவது பார்க்கப் போய்விடுவேன். படமெடுக்கத் தெரிந்தவன் என்று இனி எந்த வாயால் சொல்வேன்? வெட்கமாக இருக்கிறது.

காரியத்தன்று வைக்க அவருடைய படமே வேண்டும் என்று மல்லிகா என் வீட்டுக்கு வந்தார். ஒன்று விடாமல் பார்த்தோம். எதிலும் அவர் இல்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைத்தான் பெரிதாக்கக் கொடுத்தோம். ஆனால் பார்த்துக்கொண்டே வந்தவர் நடுவில் கேட்டார்: "ஏன் சார், ஒருத்தருமே கேமராவப் பாக்கலியே? பக்கத்துல யாரையோ பாத்துதான சிரிக்கறாங்கோ?"

படமெடுக்கும்போதெல்லாம் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் வம்பளந்துகொண்டிருந்தவர் ஏகாம்பரம். அந்த விலகிய பார்வையைக் குறை என்று நினைத்து, படங்களை இதுவரை யாருக்கும் காட்டவில்லை. அவருடைய முகம் என்னிடம் இல்லை, மல்லிகா. அவரைப் பார்த்துச் சிரித்த முந்நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.