அம்மன் கோயிலுக்கு மேலே

என் வீட்டுக்காரர் இறந்து ஏழாம் மாதம், என் மகள் என்னை டூருக்குக் கூட்டிப்போனாள். வெளியூருக்கு இல்லை. எங்கள் செஞ்சிக்கே.

அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போனில் பார்த்துப் பணமும் கட்டிவிட்டாள். மூன்று நாள். சைக்கிள், ஏரியில் படகு, கயிறு கட்டிக்கொண்டு பாறையில் இறங்குவது, மாந்தோப்பில் கூடாரம், கடைசி நாள் காலையில் ராஜா கோட்டை மலை. புதிதாக வருகிறவர்களுக்கும் கொஞ்சம் பழகினவர்களுக்கும் என்று போட்டிருந்ததாம். சொந்த ஊரை யாராவது காசு கொடுத்துப் பார்ப்பார்களா என்று கேட்டேன்.

"நீ மூலையில சாய்ஞ்சு சாய்ஞ்சு செவுத்துல எண்ணெக் கறை ஏறிடுச்சும்மா. பாரு. மூணு நாள் வெளிய வா. அப்புறம் வீட்டைப் பூட்டிக்கினு என்னோட வந்துடு."

சுவரில் கறை இருந்தது உண்மைதான். வீட்டைப் பூட்டுவது அவளே எடுத்த முடிவு. தனியாக விடமாட்டேன் என்கிறாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, வருசம் கூட திரும்பல, மலை ஏறப்போறியாமே?"

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"நான் இன்னா சாமி கும்புடவா ஏறப்போறேன்? டூருக்கு ஏறப்போறேன். டூருக்கெல்லாம் தீட்டு கெடையாதுடி" என்றேன். வாய்தான் சொன்னது. உள்ளே தீட்டுப் பயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் பெங்களூருக்குப் போய்விட்டால் அப்புறம் மலை ஏது? எனக்கு அந்த மலைமேல் ஒரு வேலை பாக்கி இருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் கோட்டையில் வாட்ச்மேன் வேலை. மலை உச்சியில் காவல். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். கட்டிக்கொண்டு வந்த புதிதிலிருந்து அவருக்கு மதியச் சோறு எடுத்துப்போனவள் நான். துணி துவைத்து, மாடிச் சுவரில் விரித்துப்போட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். பாதி மலையில் அம்மன் கோயில் இருக்கிறது. அதுவரைக்கும்தான் நான் போவேன். நான் போய்ச் சேரும்போது அவர் முகம் கழுவிக்கொண்டு நின்றிருப்பார். முன்னே போனாலும் நிற்பார், பின்னே போனாலும் நிற்பார். ஒரு நாள்கூட நான் காத்திருந்தது கிடையாது. எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "பசி சொல்லும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

முதல் நாளே சொல்லிவிட்டார், "இதுக்கு மேல நீ வரவேணாம்" என்று. குரங்குக்காகச் சொன்னாரோ, உச்சிக்குக் கொஞ்சம் கீழே பள்ளத்தின்மேல் போட்டிருக்கிற பாலத்துக்காகச் சொன்னாரோ, தெரியாது. எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கூப்பிடாத இடத்துக்கு நான் போகிறவள் இல்லை. அப்புறம் அவரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவில் சொல்வார்கள், வாட்ச்மேன்கள் மேலே உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள் என்று. அதையும் நான் அவரிடம் கேட்டதில்லை. அவர் ரிட்டயர் ஆகி வீட்டோடு வந்த பிறகும் கேட்கவில்லை. பிறகு அவரே போய்விட்டார். அவர் வாழ்நாளில் பாதியைக் கழித்த இடம் எது, அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் சரி என்று தலையாட்டினேன்.

மாந்தோப்பில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். கூட்டிப்போகிறவள் ஒரு சென்னைப் பெண். கழுத்தில் விசில், நல்ல மரியாதையான பேச்சு. ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டுத் தொப்பி கொடுத்துக்கொண்டு வந்தாள். பிகினருக்குப் பச்சைத் தொப்பி, இன்டர்மீடியட்டுக்கு மஞ்சள்.

"பாட்டிம்மா, இதுக்கு முன்னாடி டிரெக்கிங் பண்ணியிருக்கீங்களா?"

"டிரெக்கிங்னா இன்னா?"

"மலை ஏறுறது."

"இதே மலையைத் தெனம் ஏறி எறங்கினவ நான். கையில சோத்துத் தூக்கோட."

எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "அப்போ டாப் வரைக்கும் போயிருக்கீங்க!" என்றாள்.

என் மகள்தான், "இல்ல, பாதி வரைக்கும்தான்" என்றாள்.

"அப்போ பிகினர்தான் பாட்டிம்மா" என்று பச்சைத் தொப்பியை என் தலையில் வைத்தாள். என் மகளுக்கு மஞ்சள். இமயமலைப் பக்கமெல்லாம் போய்வந்திருக்கிறாளாம்.

முதல் நாள் எல்லாரும் தளவானூர் குகைக் கோயிலுக்குச் சைக்கிளில் போனார்கள். நான் பின்னால் வேனில் போனேன், தண்ணீர்க் கேன்களோடு. திரும்பிவந்து பாறையில் கயிறு கட்டி இறங்கினார்கள். புடவைமேல் கயிறு மாட்டுகிற பெல்ட்டைக் கட்டமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். மறுநாள் ஏரியில் படகு. துடுப்பு போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனைவிட நன்றாகவே போட்டேன். ஆனால் இறங்கும்போது கால் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். முட்டி சுளுக்கிக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் மகளோடு வீட்டுக்குப் போய், நனைந்த சிவப்புப் புடவையை அலசி மாடிச் சுவரில் விரித்துவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் மலை. பாதி தூரம் முட்டி பொறுத்துக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு படியும் குத்தியது. அம்மன் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு மேலும் கீழும் இழுத்தது. சாவுத் தீட்டு என்பதால் கோயிலுக்குள் போகாமல் வெளியே பாறையில் உட்கார்ந்தேன். அவர் சோறு சாப்பிடுகிற பாறை அது.

விசில்காரப் பெண் சொன்னாள், "பச்சைத் தொப்பி எல்லாரும் இங்க ரெஸ்ட் எடுத்துட்டு மெதுவா கீழ எறங்கலாம். மஞ்சள் மட்டும் டாப்புக்கு."

"நானும் வரேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். முட்டியைத் தொட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் கால் தானாகத் துள்ளியது.

"வீங்கியிருக்கு பாட்டிம்மா. இதுக்கு மேல நீங்க வரவேண்டாம்."

அதே இடம். அதே பேச்சு. எழுந்து பார்த்தேன். இரண்டு படி ஏறினேன். மூன்றாவதற்குக் கால் வரவில்லை.

"நானும் உன்னோட இங்கியே இருக்கேன்மா" என்றாள் மகள்.

"நீ போடி. போய் உங்க நைனா எங்க உக்காந்தாருன்னு பார்த்துட்டு வா. பழைய வாட்ச்மேன் யாராவது இருப்பாங்க, கேளு."

போனாள். மஞ்சள் தொப்பிகள் பாறை வளைவில் ஒவ்வொன்றாக மறைந்தன. பச்சைத் தொப்பிகள் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு குரங்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே யாரும் முகம் கழுவிக்கொண்டு நிற்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் போன் வந்தது. ஒரே காற்றுச் சத்தம்.

"அம்மா, கேக்குதா? பாலம் தாண்டி வந்துட்டேன். இங்க ஒரு வாட்ச்மேன் இருக்காரு, நைனாகூட வேலை செஞ்சவராம்."

"இன்னா சொல்றாரு?"

"மத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் நெழல்ல உக்காந்து சீட்டாடுவாங்களாம். நைனா மட்டும் கெழக்குப் பக்கம் மதில்கிட்ட உக்காருவாராம். சுத்தமா நெழலே இல்லம்மா இங்க. கல்லு கொதிக்குது. கூப்டா கூட வரமாட்டாராம். இங்க போய் ஏன் உக்காந்தாரு?"

எனக்கு என்ன தெரியும்?

"இன்னா தெரியுது அங்கிருந்து?"

"ஊரு பூராத் தெரியுது. பஸ் ஸ்டாண்டு, வயலு, ரோடு... அம்மா, இரு இரு. நம்ம வீடு தெரியுதும்மா! நேத்து நீ காயப்போட்ட பொடவை தெரியுது. செவப்பா, பொட்டு மாதிரி. வெறுங்கண்ணுக்கே தெரியுதும்மா."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

துணியை விரித்துப்போட்டுவிட்டுத்தான் தூக்கை எடுப்பேன். மழை நாளில்கூட ஒரு துண்டாவது மாடியில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் இறங்கியிருக்கிறார். பசியாம். கடைசி வரைக்கும் சொல்லவில்லை. நானும் கடைசி வரைக்கும் கேட்கவில்லை. சீட்டாடுகிறார் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டே எத்தனை நாள் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

கீழே இறங்கியதும் எல்லாருக்கும் மெடல் மாதிரி ஒன்றைக் கழுத்தில் மாட்டினார்கள். எனக்கும் மாட்டினார்கள். மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"அழுதியாம்மா?"

"வெய்யிலு" என்றேன். துணி விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அது. அதுவும் எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் வீட்டைப் பூட்டினோம். கேஸை மூடி, கரண்ட்டை அணைத்து, அரிசியை எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்தாயிற்று. பெங்களூர் பஸ் கோட்டை வழியாகத்தான் போகும். நேரமாகிறது என்று மகள் வாசலில் நின்று கத்தினாள். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது, பொடவையக் காயப்போட்டுட்டு வர? பூட்டிட்டுப் போறோம், யாரு எடுக்கிறது?"

"கெடக்கட்டும்."

"காத்துல பறந்துடும்மா."

"நாலு பக்கமும் கல்லு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன்.