இடக்கைச் சாப்பாடு

அறுபதுகளில் நான் படித்த ஆக்குபேஷனல் தெரபி என்னவென்று பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்களுக்கு மறு கையால் பொத்தான் போடவும் சாப்பிடவும் பழக்குவது என்றேன்.

"சாப்பிடச் சொல்லிக்கொடுக்க ஒரு காலேஜா?" என்றார் அப்பா.

நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் நாங்களே பழக வேண்டும். அன்றிரவு வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் ரசம் சாதம் பிசைந்தேன். அம்மா என் தட்டை எடுத்துப்போய் பால்கனியில் வைத்தாள். அந்த மழைக்காலம் முழுவதும் எனக்கு அங்கேதான் சாப்பாடு. உள்ளே அவர்கள் சிரிப்பது கேட்கும். அந்தக் கோபத்திலேயே ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடக் கற்றுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் என் முதல் நோயாளி, தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். வலக்கை விழுந்துவிட்டது. நான் வைத்த தட்டைத் தள்ளிவிட்டார்.

"பீச்சாங்கையால திங்கச் சொல்லுதியளே நர்ஸம்மா, நீங்க திம்பியளா?"

நான் நர்ஸ் இல்லை என்று விளக்கவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்களையும் வீட்ல தனியா உக்கார வச்சிட்டாவளா?"