துண்டுக்கு அடியில் போன கடவுச்சொல்

வரி ஆலோசகனிடம் வருகிறவர்கள் வருமானத்தை ஒளிப்பார்கள் என்று ஊரில் நினைக்கிறார்கள். என்னிடம் வந்தவர்கள் ஒளித்ததெல்லாம் வயதையும் கடவுச்சொல்லையும்தான்.

கடைசியில் சொல்லப்போகும் சம்பவத்தைச் சில வருடங்களாகவே நான் முழுதாக நம்பவில்லை. நம்பாமலேயே பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். நான் அப்போது அங்கே இல்லை; என் அலுவலகத்தில் தட்டச்சு செய்த செல்வராணி சொன்னதுதான் ஆதாரம். அதனால் கண்ணால் பார்த்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வரித்துறை வேலைகள் இணையத்துக்கு மாறியபோது, கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல், மறந்தால் கேட்க ஒரு ரகசியக் கேள்வி என்று வந்தது. பழைய பதிவு எண்ணைக் கெடுவுக்குள் அந்தப் புது அடையாளத்தோடு இணைக்க வேண்டும். இணைக்காதவர் பில் போட முடியாது. மலை மேல் நாயுடுபுரத்தில் என் அறையில் இருந்தது டயல்-அப் இணைப்பு. திரையில் மணற்கடிகாரம் கவிழ்ந்து கவிழ்ந்து நிமிர்வதை நீங்களும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்றால் மேலே படியுங்கள்; மற்றவர்களுக்கு இந்த வேதனை விளங்காது.

பிறந்த தேதி

பேக்கரி வைத்திருக்கும் சந்தனம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். அவர் பிறந்த தேதியைப் போட்டால் கணினி ஏற்கவில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, குடும்ப அட்டையில் வேறு தேதி, வரித்துறை அட்டையில் இரண்டும் இல்லாத ஒரு தேதி.

“இதில் எது உண்மை?” என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “கப்பல் ஏறையில ஒருத்தர் எழுதினாரு, எறங்கையில ஒருத்தர் எழுதினாரு. ரெண்டு பேரும் எங்கம்மாவக் கேக்கல. கேக்குறது கம்ப்யூட்டர்தானே சார், அதுக்கு எது பிடிக்குதோ அதையே போடுங்க.”

ரகசியக் கேள்வி

ஏரிக்குப் போகும் சாலையில் லாட்ஜ் நடத்தும் ரோசலின் அம்மாவுக்குக் கணினி காட்டிய ரகசியக் கேள்வி, முதல் ஆசிரியரின் பெயர். மறக்கவே முடியாத பெயராகச் சொல்லுங்கள் என்றேன். அவர் கைப்பையைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் சிவந்துவிட்டது.

“ஸ்கேலால முட்டியிலயே அடிக்கும் சார் அந்த டீச்சர். அது பேர மறக்கத்தான் நான் இத்தன வருஷமா ஜெபம் பண்றேன். வேற கொஸ்டின் இல்லையா?”

முத்தையாவின் கை

வடகவுஞ்சி முத்தையா மாட்டுத் தரகில் தொடங்கி, காய்கறி கமிஷன் மண்டிக்கு வந்தவர். கடவுச்சொல் எழுத்தும் எண்ணுமாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். எழுத்துக்குத் தன் பழைய காளையின் பெயரை அறைக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னார். எண் என்று வந்ததும் வாயை மூடிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலக்கை மேல் போர்த்தினார்; உள்ளே தன் கையை விட்டு என் விரல்களைப் பிடித்து அழுத்தத் தொடங்கினார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது அப்படித்தான். ஒன்றுக்கு ஒரு விரல், இரண்டுக்கு இரண்டு, சைபருக்கு மூடிய முட்டி.

நாலு பேர் வேடிக்கை பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. காதில் சொன்னால் போதாதா என்றேன். அவர் அசரவில்லை. “வாயத் தொறந்து வெலை சொல்லி எந்த ஏவாரி உருப்பட்டிருக்கான் சொல்லுங்க?”

மண் சரிந்த நாள்

இணைய தளம் இழுத்தடித்து, முத்தையாவின் பதிவு எண்ணை இணைக்கும் வேலை கடைசி நாள் வரை தள்ளிப்போனது. அன்று பார்த்து நான் வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் வழியில் மண் சரிந்து பேருந்து நின்றுவிட்டது. செல்பேசியில் சிக்னல் இல்லை. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்வதில்லை, எழுதி வைப்பதுமில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த நேர்மையை நினைத்து முதல்முறையாக வருத்தப்பட்டேன். பில் இல்லாமல் மறுநாள் லோடு ஏறாவிட்டால் அவரை நம்பிப் பறித்த கேரட்டும் பீன்ஸும் மூட்டையிலேயே அழுகும். அப்புறம் எந்த விவசாயி அவர் மண்டிக்குச் சரக்கு போடுவான்?

காலையில் பாதை திறந்தது. பெருமாள்மலைப் பக்கம் எதிரே அவருடைய லாரி இறங்கி வந்தது. சன்னல் வழியே தலையை நீட்டி, “பில் இருக்காப்பா?” என்று கத்தினேன். “இருக்கு சார்!” என்றான் ஓட்டுநர். அதுவரை நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்போதுதான் எழுந்து போனது.

நடந்ததைச் செல்வராணி சொன்னாள். முத்தையா மனைவி காளியம்மாளோடு வந்திருக்கிறார். அறை நிறைய ஆட்கள். முதல் தடவை அவரே தட்டினார்; தடித்த விரலுக்கு இரண்டு விசைகள் ஒன்றாக அமுங்கின. தப்பு. மூன்று தடவை தப்பினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். என் கையில் அவர் எண் அழுத்தியதைப் பார்த்திருந்த செல்வராணி, தன் கையை நீட்டியிருக்கிறாள். வயசுப் பெண்ணின் கையை எப்படித் தொடுவது என்று அவர் பின்வாங்கினார்.

அப்போது காளியம்மாள் நடுவில் வந்து நின்றாராம். அவருடைய இடக்கை கணவரின் துண்டுக்குள். வலக்கை செல்வராணியின் துப்பட்டாவுக்குள். அந்தக் கையில் அழுத்தியதை இந்தக் கையில் அழுத்த வேண்டும். முதலில் சைபர் முட்டியைச் செல்வராணி ஐந்து என்று எடுத்துக்கொண்டாள். மறுபடியும் தப்பு. “ஏலே பாண்டி, எட்டிப் பாக்காத, அங்கிட்டுப் போ!” என்று யாரையோ விரட்டிவிட்டு, முத்தையா வியர்க்க வியர்க்க மறுபடி அழுத்தியிருக்கிறார். திறந்துகொண்டது.

“தெறந்ததும் அந்தக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே சார்! ‘கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மனுசன் என் கையை இம்புட்டு நேரம் புடிச்சது இன்னைக்குத்தான்’னு சொல்லிட்டாங்க.”

கேட்டேவிட்டேன்

என்னைக் குடைந்தது ஒன்றுதான். அந்த எண்ணைப் பெண்டாட்டிக்கும் சொன்னதில்லை என்று முத்தையா என்னிடமே பெருமைப்பட்டிருக்கிறார். அப்படிப்பட்டவர் இதற்கு உடன்படுவாரா? பிழைப்பே போகிறது என்றால் மனிதன் எதையும் யோசிப்பதில்லையோ? இல்லை, ரகசியம் வெளியே போகவில்லை என்று என் கவலையைத் தீர்க்க செல்வராணி கதை கட்டினாளா? இப்போது பழனியில் சொந்தமாகப் பிரவுசிங் சென்டர் நடத்தும் செல்வராணியைப் போன மாதம் பார்த்தபோது கேட்டேவிட்டேன்: “ஏம்மா, பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாத நம்பரைப் பொண்டாட்டி கை வழியாவே அனுப்புறோமேன்னு அந்த மனுசனுக்குத் தோணவே இல்லையா?” “தெறந்தப்புறம்தான் தோணுச்சு சார்; அந்தக்கா சிரிச்சது அதுக்கும் சேத்துத்தான்” என்றாள்.