மால்கம் டகின்சின் அறுபத்து நான்காவது வண்டி

மால்கம் டகின்ஸ் முப்பத்தாறு ஆண்டுகள் மாவட்ட மன்றத்தின் எடை அளவுப் பிரிவில் ஆய்வாளராகப் பணியாற்றியவர். இங்கிலாந்தின் கிடெர்மின்ஸ்டர் வட்டாரத்தில் எந்த விடுதியில் பீரை ஒரு மிடறு குறைத்து ஊற்றினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற மறுநாளே அவர் பீரை மறந்துவிட்டார். நாட்டில் செய்த பழைய கார்கள் சாலையிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. மிச்சமிருப்பவற்றை யாராவது முறையாக எண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கார்கள் தரப்பிலிருந்து அப்படியொரு கோரிக்கை வந்ததாக எந்தப் பதிவும் இல்லை.

இதற்கென்றே எங்கள் ஊரில் 'வாழும் வண்டிகள் வட்டம்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. உறுப்பினர்கள் பதினொருவர், சராசரி வயது அறுபத்தொன்பது. மாதத்தின் முதல் செவ்வாயன்று மாலை, 'மூன்று சுத்தியல்' விடுதியின் பின்னறையில் கூடுவோம். நான் செயலர், குறிப்பேடு என் பொறுப்பு.

வட்டத்தின் கொள்கை எளியது. கண்காட்சியில் மெழுகு பூசி நிற்கும் வண்டி எங்கள் கணக்கில் செத்த வண்டி. அருங்காட்சியகத்தில் இருப்பது பாடம் செய்யப்பட்ட பிணம். தெருவில், தன் வீட்டு வாசலில், பின்னிருக்கையில் மளிகைப் பையோ நாயின் போர்வையோ கிடக்க, அன்றாட வேலைக்குப் போய்வரும் வண்டிதான் வாழும் வண்டி. அதைத் தற்செயலாக, தன் கண்ணால், தானே காண வேண்டும். கண்டவர் படம் எடுத்துப் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் கௌரவமாக நகர்ந்துவிட வேண்டும். வீட்டின் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து காவல் துறைக்குத் தொலைபேசி போவது உண்டு. அதையும் கௌரவமாகவே ஏற்றுக்கொள்வோம்.

மால்கம் தமக்கென ஒரு பட்டியல் வைத்திருந்தார். 1983இல் நாட்டில் செய்து விற்கப்பட்டவை என்று அவரே தேர்ந்தெடுத்த அறுபத்து நான்கு வகைகள். இருபத்தாறு ஆண்டுகளில் அறுபத்து மூன்றை வாழ்நிலையில் கண்டுவிட்டார். ஒன்றை அயர்லாந்தில் ஒரு சவ அடக்கத்தின்போது, சவப்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்டார். இன்னொன்றைப் போர்ச்சுகலில், கோழிகள் அதன் கூரையில் உறங்கிக்கொண்டிருக்கையில் கண்டார். கோழி அன்றாடப் பயன்பாடு ஆகுமா என்று வட்டம் இரண்டு கூட்டங்களில் விவாதித்து, ஆகும் என்று தீர்மானித்தது.

மிச்சமிருந்தது ஆஸ்டின் அம்பாசடர். இந்தியாவின் டாக்சி அம்பாசடரை நினைத்துக்கொள்ள வேண்டாம், பெயர்தான் ஒன்று. இது ஆப்பு வடிவத்தில், மூக்கு தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து, குனிந்து எதையோ தேடுவது போன்ற தோற்றமுள்ள வண்டி. இரண்டே ஆண்டுகள் செய்தார்கள்.

இதே அறுபத்து நான்கில் அறுபத்து மூன்றைக் கண்டு, இதே ஒன்றுக்காகக் காத்திருந்தவர் இன்னொருவரும் வட்டத்தில் இருந்தார்: டிரெவர் ஹார்ட்ஷோர்ன், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். மால்கமின் பட்டியலைப் பார்த்து, "நல்லாயிருக்கே, நானும் இதையே வச்சுக்கறேன்" என்று 2001இல் சொன்னவர். அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பத் தவறியதில்லை. அனுப்பாவிட்டால் வெறுப்பு வெளியே தெரிந்துவிடும் அல்லவா.

உண்மையில் ஹார்ட்ஷோர்ன் 2003லேயே முந்தியிருப்பார். ஓர் அரிய வண்டியைப் பற்றி அவருடைய மைத்துனர் தொலைபேசியில் சொல்ல, இவர் போய்ப் படமெடுத்து வந்தார். மால்கம் உடனே ஏழாம் விதியை எழுதிக் கொண்டுவந்தார்: *ஒரு வண்டி இருக்குமிடத்தைப் பிறர் வாயிலாக அறிந்த உறுப்பினர், அதன் பின் அவ்வண்டியைத் தம் கணக்கில் சேர்க்க இயலாது, இவ்விலக்கு நிரந்தரமானது.* விதி ஏழுக்கு நான்கு என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஹார்ட்ஷோர்னின் வண்டி நீக்கப்பட்டது. அதே வகையில் இன்னொன்றைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

ஆகவே, யார் முதலில் அறுபத்து நான்கு என்பதுதான் மால்கமுக்கு வாழ்க்கை. மற்றவையெல்லாம், அதாவது மனைவி, இரண்டு பெண்கள், மூட்டுவலி ஆகியவை, உடன் வந்தவை.

அம்பாசடரைத் தேடுவதில் ஒரு வசதி இருந்தது. ஓட்டுநர் இடப்பக்கம் உட்காரும்படி அந்த வண்டி செய்யப்படவே இல்லை. எனவே ஹார்ட்ஷோர்ன் தம் மகளின் திருமணத்துக்காக வலப்பக்கச் சாலையுள்ள பிரான்சுக்குப் போன வாரம், மால்கம் பல ஆண்டுகளுக்குப் பின் நிம்மதியாகத் தூங்கினார். தம்மைப் பொறுத்தவரை அவர் மால்டா தீவைத் தேர்ந்தெடுத்தார். அங்கே நம்மைப் போல இடப்பக்கச் சாலை, மழை குறைவு, துரு மெதுவாகத் தின்னும். சென்ற செப்டம்பரில் அவர்களுடைய நாற்பதாவது திருமண நாள் வந்தது. மால்கம் மனைவி கிளெனிசிடம் சொன்னார்:

"எட்டு நாள் மால்டா. நாம ரெண்டு பேர் மட்டும்."

கிளெனிஸ் பள்ளிச் சமையற்கூடத்தை முப்பது ஆண்டுகள் நடத்தியவர். எளிதில் நெகிழ்கிறவர் அல்லர். ஆனாலும் கேட்டார்:

"அங்க வண்டி எதுவும் தேடப் போறியா?"

"சேச்சே! கல்யாண நாளுக்குத்தான் கிளெனிஸ்."

அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவர் எட்டு நாளும் அம்பாசடர் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. காலையில் "கால் கொஞ்சம் நீட்டிட்டு வரேன்" என்று கிளம்பி, நாளொன்றுக்குப் பதினோரு கிலோமீட்டர் நீட்டினார். கிளெனிஸ் துறைமுகத்தருகே தனியாக உட்கார்ந்து முயல்கறி சாப்பிட்டார். மூன்றாம் நாள் பரிமாறியவர் அவரை விதவை என்று முடிவு செய்து, இனிப்புக்குக் காசு வாங்க மறுத்தார். கிளெனிஸ் அவரைத் திருத்தவில்லை. மால்கம் பழைய வண்டிகள் நாற்பத்திரண்டைக் கண்டார். அவற்றில் அம்பாசடர் இல்லை.

திரும்பி வந்த வியாழக்கிழமை, மாலை ஐந்தரை மணி. வீட்டின் பின்பக்கத்து அறையில், தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மால்டாப் படங்களை அவர் வகைப்படுத்திக்கொண்டிருந்தார். வியாழன் மாலை எப்போதுமே அவருக்குக் கோப்பு வேலை. கிளெனிசுக்குத் தேவாலயப் பாடற்குழுவில் பயிற்சி. அவர் கையுறையை மாட்டிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"மால்கம், இன்னிக்கு என்னைச் சர்ச்சுல இறக்கி விடறியா?"

"ஏன், எப்பவும் வந்து கூட்டிட்டுப் போவாங்களே உன் சிநேகிதி?"

"மியூரியலா? அவ வண்டி வருஷச் சோதனைக்குப் போயிருக்கு. ஏதோ ரப்பர் குழாய் கிடைக்கலையாம். அந்த அம்பாசடருக்கு இனிமே எங்க போய்க் குழாய் தேடறதுன்னு மெக்கானிக் தலையில கை வச்சிக்கிட்டானாம்."

மால்கம் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார், படத்தின் மூலை மடங்கக் கூடாது.

"எந்த அம்பாசடர்?"

"காப்பியில பால் அதிகமா ஊத்தின மாதிரி ஒரு கலர். பின்னால பேர் எழுதியிருக்கு."

"எத்தனை நாளா அதுல போற?"

"பதினோரு வருஷமா. நம்ம வாசல்லதான் வந்து நிப்பா. ஹாரன் கூட அடிப்பாளே, உனக்குக் கேட்டதில்லையா?"

"ஹாரன் கேட்கும். வண்டின்னு தோணலை."

"அது சரி. ஹாரன் அடிச்சா ஆடு மாடுன்னா நினைப்பாங்க?"

"கிளெனிஸ், நான் இருபத்தாறு வருஷமா அதைத்தான் தேடறேன்!"

"என்கிட்ட எப்ப சொன்ன? மால்டாவுக்குக் கல்யாண நாளுக்குத்தானே போனோம்?"

அடுத்த கணமே இதைவிடப் பெரிய இடி அவர் தலையில் இறங்கியது. ஏழாம் விதி. மனைவியும் பிறரே. மனைவி வாயிலாக அறிந்துவிட்டார். இனி மியூரியலின் வண்டி அவர் மூக்கின்மீதே ஏறிப் போனாலும் அவர் கணக்கில் சேராது.

"நீ இப்ப சொன்னியே, அதைச் சொல்லலைன்னு வச்சுக்கலாமா?"

"நான் சர்ச்சுல பாடறவ மால்கம். என்னை இறக்கி விடறியா, இல்ல நடக்கட்டுமா?"

கிளெனிஸ் நடந்தே போனார்.

மறுநாள் காலை மால்கம் என் வீட்டுக்கு வந்தார். தேநீரைத் தொடவில்லை. செயலர் என்ற முறையில் என்னிடம் ஓர் ஐயம் கேட்க வேண்டுமாம், பொதுவான ஐயமாம்.

"ஒருத்தர் அரைத் தூக்கத்துல இருக்கும்போது ஒரு தகவல் காதுல விழுது. அது அறிந்ததா ஆகுமா?"

"தூங்கிட்டா இருந்தார்?"

"வகைப்படுத்திக்கிட்டு இருந்தார்."

"அப்ப முழிச்சுத்தான் இருந்தார்."

"சொன்னவங்க குடும்பத்து ஆள். அவங்களையும் 'பிறர்'னு எடுத்துக்கணுமா?"

"மைத்துனரும் குடும்பத்து ஆள்தானே மால்கம். விதியை எழுதினது நீ."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பதிவு எண்ணைக் கிளெனிசிடமிருந்து ஏற்கெனவே கறந்திருந்தார். அரசின் இணையதளத்தில் எந்த வண்டியின் எண்ணைத் தட்டினாலும் அதன் ஆண்டுச் சோதனை வரலாறு வரும். தட்டினோம். எல்லாம் ஒழுங்கு. ஆண்டுக்கு எழுநூறு மைல். தேவாலயம், காய்கறிக் கடை, தேவாலயம். எங்கள் கொள்கைக்கு அதைவிட உயிருள்ள வண்டி கிடையாது.

பிறகுதான் உண்மையான பயம் வெளிவந்தது.

"அடுத்த வாரம் சனிக்கிழமை சர்ச்சுல அறுவடைத் திருநாள் கச்சேரி. ஹார்ட்ஷோர்னோட பேத்தி அதுல குழல் வாசிக்கறா. அவன் வருவான். மியூரியல் வண்டி திங்கக்கிழமையே தயாராயிடுமாம். சர்ச் வாசல்ல நிக்கும். அவன் எதேச்சையா, தன் கண்ணால, தானே பாப்பான்."

"விதிப்படி சுத்தமா சேரும்," என்றேன். செயலர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"குழல் வாசிக்கத் தெரியுமா அந்தப் பொண்ணுக்கு?"

"சுமாராத்தான் வாசிப்பா."

"அதுக்கும் போவான், பாவி."

மியூரியலிடம் வண்டியைச் சனிக்கிழமை வீட்டிலேயே வைக்கச் சொல்லலாமே என்றேன். கிளெனிஸ் மூலம் முயன்றாராம். 'கச்சேரிக்கு நாற்காலி எல்லாம் என் வண்டியிலதான் போகணும்' என்று மியூரியல் சொல்லிவிட்டாராம். அது அன்றாடப் பயன்பாட்டுக்கு இன்னொரு சான்று. மால்கம் அதைத் தம்மையறியாமல் குறித்துக்கொண்டார்.

அக்டோபர் முதல் செவ்வாய் வந்தது. பதினொருவரும் வந்திருந்தோம். பன்றிக்கொழுப்பு வறுவல் பொட்டலங்கள் மேசையில் பிரிக்கப்பட்டிருந்தன. சென்ற மாதக் குறிப்பை வாசித்தேன். தலைவர் புதிய கண்டுபிடிப்புகளைக் கேட்டார். ஒருவர் ஒரு வேனைச் சொன்னார். அது சக்கரமில்லாமல் செங்கல்மேல் நின்றது என்பது குறுக்கு விசாரணையில் தெரியவந்து தள்ளுபடி ஆயிற்று. ஹார்ட்ஷோர்ன் எழுந்து பீர் வாங்கப் போனார். மால்கமின் கை பாதி உயர்ந்து, மீண்டும் இறங்கியது. ஹார்ட்ஷோர்ன் நுரை தளும்பும் கோப்பையுடன் திரும்பி வந்து, நாற்காலியை இழுத்து, வசதியாக உட்காரும்வரை அவர் காத்திருந்தார். பிறகு எழுந்தார்.

"தலைவரே, நேர்மையின் பொருட்டு ஓர் அறிக்கை."

நேர்மை என்ற சொல்லை எங்கள் வட்டத்தில் யாரும் நல்ல எண்ணத்தோடு பயன்படுத்தியதில்லை. ஆகவே எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"வாழ்நிலையில உள்ள ஓர் அம்பாசடரைப் பற்றி எனக்குப் பிறர் வாயிலாத் தகவல் வந்திருக்கு. ஏழாம் விதிப்படி அது எனக்குச் சேராது. அதை மறைக்க என் மனசாட்சி இடம் தரலை. அது எங்க இருக்குதுன்னா—"

பல் மருத்துவர்கள் ஆபத்தைச் சற்றுத் தாமதமாக உணர்வார்கள் போலும். வலி எப்போதும் எதிரே உள்ளவருக்குத்தானே. ஹார்ட்ஷோர்ன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொள்வதற்குள் பதிவு எண்ணும் தெருவின் பெயரும் வீட்டு இலக்கமும் வந்துவிட்டன. சனிக்கிழமை தேவாலய வாசலில் நிற்கும் என்பதையும் மால்கம் சேர்த்துச் சொன்னார். எடை அளவுப் பிரிவுக்காரர், எதையும் குறைத்து ஊற்றமாட்டார்.

"நான் கேட்கலை!" என்று ஹார்ட்ஷோர்ன் கத்தினார். "எனக்கு எதுவும் காதுல விழலை!"

"என்ன விழலை?" என்றார் தலைவர்.

"சர்ச் வாசல்ல நிக்கறது!"

தலைவர் ஒரு வறுவலை எடுத்துக் கடித்தார்.

"உனக்கும் கிடைக்காம எனக்கும் கிடைக்காம பண்ணிட்டியேடா," என்றார் ஹார்ட்ஷோர்ன். இருபத்து நான்கு ஆண்டுகளில் மால்கமை அவர் 'டா' போட்டு அழைத்தது அதுவே முதல் முறை. எனக்கு அது கிட்டத்தட்ட அன்பைப் போலவே கேட்டது.

"விதிடா," என்றார் மால்கம்.

தலைவர் தீர்ப்பளித்தார். அறையிலுள்ள பதினொருவரும் பிறர் வாயிலாக அறிந்துவிட்டபடியால், அந்த வண்டி எவர் கணக்கிலும் என்றும் சேராது. எவரும் கண்டு பதியாத வண்டி பதிவேட்டில் இடம்பெற இயலாது. நான் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை கச்சேரிக்கு இருவருமே வந்திருந்தார்கள். குழல் சுமார்தான். கச்சேரி முடிந்ததும் நாற்காலிகளை மியூரியலின் வண்டியில் ஏற்றும் வேலை அவர்கள் இருவர் தலையிலும் விழுந்தது. ஆளுக்குப் பத்து மடக்கு நாற்காலி சுமந்தார்கள். வண்டியைப் பார்ப்பதில் பயன் ஒன்றும் இல்லாததால், பார்க்காதது போலவே சுமந்தார்கள். ஹார்ட்ஷோர்ன் மட்டும் ஒருமுறை குனிந்து, கதவின் அடிப்பகுதியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"துரு இல்லை," என்றார், யாரிடமும் சொல்லாததுபோல.

"தெரியும்," என்றார் மால்கம்.

எங்கள் பதிவேட்டின்படி, வாழ்நிலையிலுள்ள ஆஸ்டின் அம்பாசடர் இந்த வட்டாரத்தில் ஒன்றுகூட இல்லை. மியூரியலுக்கு இதை யாரும் தெரிவிக்கவில்லை. வியாழன்தோறும் ஐந்தரை மணிக்கு அவர் மால்கமின் வாசலில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.